ஐந்து பெட்டிகளும் எடுத்த ஒரே பூ

கரண்டு போய்த் திரும்பி வந்தால் ஒன்றாம் நம்பர் பெட்டி மட்டும் பேசும். மற்ற நாலும் வாய் திறக்காது. களக்காட்டுக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் வாழைத் தோட்டத்தில் நான் வைத்துக் கொடுத்த கருவிகளுக்கு வந்த கோளாறு இதுதான். சரிசெய்ய ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதில் மூன்றை நான் தவறான இடத்தில் தேடித் தொலைத்தேன். இதே மாதிரி ஒன்றைச் செய்யப் போகிறவர்களுக்கு அந்த மூன்று வாரமாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என்ன வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு மூன்று கிணறு, பக்கத்து வயல் அண்ணாச்சிக்கு இரண்டு. ஒவ்வொரு மோட்டார் ரூமிலும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஏடிமெகா328பி என்ற சின்னக் கணினிச் சிப் வைத்து நானே செய்த போர்டு, நேரத்துக்கு 8 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் கிரிஸ்டல், செய்தி அனுப்ப எஸ்எக்ஸ்1276 ரேடியோ; சின்னச் செய்திகளைத் தூரத்துக்கு அனுப்பும் லோரா என்ற முறையில் பேசும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, மோட்டார் ஓடுகிறதா என்ற இரண்டையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை 12 பைட்டில் அடக்கி அனுப்பும். வீட்டு மாடியில் ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கிடைத்தது என்று பதில் கொடுக்கும். அலைவரிசை 865–867 மெகாஹெர்ட்ஸ். அதற்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை.

பெட்டிகளுக்குப் பேட்டரி வைக்கவில்லை. கரண்டு இல்லாதபோது மோட்டாரும் ஓடாது, அப்புறம் எதற்கு அளக்க வேண்டும் என்று நினைத்தேன். மோட்டார் ரூம் லைனிலிருந்தே ஒரு சின்ன அடாப்டர் போட்டுவிட்டேன். மாடியில் இருக்கும் ராஸ்பெரி பைக்கு மட்டும் பேட்டரி உண்டு. இந்த முடிவுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

லோராவில் தூரம் போக வேண்டுமென்றால் மெதுவாகப் பேச வேண்டும். நான் வைத்த அமைப்பில், அதாவது ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (எவ்வளவு மெதுவாகப் பேசுவது என்ற அளவு) 10, 125 கிலோஹெர்ட்ஸ் அகலம், ஒரு 12 பைட் செய்தி காற்றில் 0.29 வினாடி இருக்கும். அந்த நேரத்துக்குள் இன்னொரு பெட்டியும் வாய் திறந்தால் இரண்டு பேச்சும் குழம்பிப்போகும். இது எனக்கு முதலிலேயே தெரியும். அதனால் பதில் வராவிட்டால் 0 முதல் 8000 மில்லிவினாடிக்குள் ஏதோ ஒரு ரேண்டம் நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு, நாலு தடவை பார், அதற்கும் வராவிட்டால் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு விடு என்று எழுதியிருந்தேன். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனின் குழு தீவுகளை ரேடியோவால் இணைத்த அலோஹா நெட்வொர்க்கில் செய்ததும் அடிப்படையில் இதுதான். யாரும் யாருக்கும் முறை வைக்க மாட்டார்கள். மோதினால் ஆளுக்கொரு ரேண்டம் நேரம் விலகி நின்று மறுபடி பேசுவார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடும் யோசனை, அதில் தப்பு வராது என்று நம்பினேன்.

சித்திரை, வைகாசியில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி பிறந்து மழையும் இடியும் தொடங்கிய பிறகு சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, ராத்திரி கரண்டு வந்ததுல இருந்து ஒண்ணாம் நம்பர் மட்டுந்தான் பேசுது. ரெண்டு எப்பவாவது பேசுது. மத்த மூணும் பேசவே மாட்டேங்கு."

ஒன்றாம் நம்பர்தான் வீட்டுக்கு மிக அருகில் உள்ள கிணறு. இரண்டு அடுத்தது. மூன்று, நாலு, ஐந்து தூரம் போகப் போக மௌனம். யாராக இருந்தாலும் சிக்னல் எட்டவில்லை என்றுதான் சொல்வார்கள். ஞாயிறு காலை பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். நாலாம் நம்பர் பெட்டியில் ஆன்டெனா ஒயர் வெளியே வரும் துளையைச் சுற்றிக் குளவி மண் கூடு கட்டியிருந்தது. ஈரமண் சிக்னலைக் குடிக்கும், இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். சுரண்டி எடுத்து, புது ஆன்டெனா மாட்டி, கனெக்டரை மறுபடி சால்டர் செய்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் ஐந்தும் பேச ஆரம்பித்துவிட்டன.

அடுத்த வாரம் மறுபடி அதே போன். மறுபடி போனேன், இந்த முறை ஆன்டெனாவை ஓட்டுக்கு மேலே மூங்கிலில் ஏற்றினேன். மத்தியானம் எல்லாம் பேசின. மூன்றாம் வாரம் அடாப்டர்களை மாற்றினேன். அப்போதும் மத்தியானம் பேசின. ஒவ்வொரு முறையும் நான் செய்த வேலைதான் குணமாக்கியது என்று மனதார நம்பினேன். கோளாறு தானாகச் சரியாகும் வகையாக இருந்தால் எந்த மருந்தும் பலித்த மாதிரியே தெரியும்.

அந்த நம்பிக்கையை உடைத்தது சித்தப்பாதான். உரக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில், பெட்டி பேசாத நாளையும் மறுபடி பேசிய நேரத்தையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். "நீ வராத அன்னைக்கும் மூணு நாலு மணி நேரத்துல தானா பேசிருதும்மா" என்றார். பார்த்தேன். புதன் காலை ஏழு மணிக்குக் கரண்டு வந்திருக்கிறது, பத்தரைக்கு நாலு பெட்டி. வெள்ளி இரவு ஒன்பதுக்கு வந்திருக்கிறது, பன்னிரண்டேமுக்காலுக்கு ஐந்தும். தூரம் காரணமாக இருந்தால் தூரம் மாறவே இல்லையே, எப்படி மூன்று மணி நேரத்தில் சரியாகும்?

ஐந்து பெட்டிகளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் வரிசையாக வைத்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, ஒரே சுவிட்சைத் தட்டினேன். ஒரு பெட்டிகூட வரவில்லை. அணைத்துப் போட்டேன், அதேதான். இருபது தடவை தட்டினேன், இருபதிலும் ஐந்தும் ஒழுங்காக வந்தது ஒரு தடவைகூட இல்லை. மூன்று வாரம் வயல் வரப்பில் நடந்து கிடைக்காத கோளாறு ஒரு சுவிட்சில் கைக்குள் வந்துவிட்டது. அதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

அப்புறம் இரண்டு பெட்டிகளை லேப்டாப்பில் மாட்டி, மோதலுக்குப் பிறகு எத்தனை மில்லிவினாடி காத்திருக்கிறாய் என்பதைச் சீரியல் மானிட்டரில், அதாவது பெட்டி சொல்வதைக் காட்டும் திரை ஜன்னலில், எழுதச் சொன்னேன். இடது ஜன்னலில்: 807, 3249, 2073, 7658. வலது ஜன்னலில்: 807, 3249, 2073, 7658. அணைத்துப் போட்டால் மறுபடி 807, 3249, 2073, 7658. மூன்றாம் பெட்டி, நாலாம் பெட்டி, எல்லாவற்றிலும் இதே நாலு எண்.

காரணம் எளிது. இந்தச் சிப்பில் ரேண்டம் எண் தரும் செயல்பாடு உண்மையில் ஒரு பெருக்கல் கணக்கு. முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ளும். அந்த மீதிதான் அடுத்த எண். பார்க், மில்லர் இருவரும் 1988-இல் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்த கணக்கு இது. தொடக்க எண்ணை, அதாவது விதையை, நாம் கொடுக்காவிட்டால் 1 என்று வைத்துக்கொள்ளும். எனவே முதல் எண் 16807. அதை 8000-ஆல் வகுத்தால் மீதி 807. அடுத்தது 282475249, மீதி 3249. உலகத்தில் இந்தக் கணக்கை 1-இல் தொடங்கி 8000-ஆல் வகுத்து ஓட்டும் எந்தப் போர்டும் முதலில் 807 என்றுதான் சொல்லும்.

சின்ன வயதில் எங்கள் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும்போது ஆச்சி என்னைத்தான் எடுக்கச் சொல்வாள். சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் இலையில் மடித்து வைத்திருக்கும், எது எதில் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் எடுப்பதுதான் அதன் நியாயம். என் பெட்டிகள் ஐந்தும் பூ எடுத்தன, உண்மைதான். ஆனால் ஐந்தின் முன்னாலும் ஒரே வரிசையில் ஒரே பொட்டலங்கள். எல்லோரும் முதலில் முதல் பொட்டலத்தை எடுத்தார்கள், ஒரே பூ. எல்லோரும் 807 மில்லிவினாடி விலகி நின்று, ஒன்றாகத் திரும்பி வந்து, மறுபடி முட்டிக்கொண்டார்கள்.

இப்போது எல்லாம் பொருந்தியது. பேட்டரி இல்லாததால், கரண்டு வந்ததும் ஐந்தும் ஒரே நேரத்தில் விழித்து ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. லோராவில் மோதும் இரண்டு செய்திகளில் ஒன்று சுமார் 6 டெசிபல், அதாவது நாலு மடங்கு, பலமாக இருந்தால் அது மட்டும் தப்பிக்கும். வீட்டருகே இருந்த ஒன்றாம் நம்பர் தப்பித்தது அப்படித்தான். மற்றவை பலம் குறைந்து ஒன்றையொன்று அழித்தன. தூரத்துக் கோளாறு மாதிரி தெரிந்தது இதனால். திண்ணையில் எல்லாம் ஒரே தூரம், அதனால்தான் அங்கே ஒன்றும் தப்பவில்லை.

மூன்று நாலு மணி நேரக் கணக்கும் கிடைத்தது. குவார்ட்ஸ் கிரிஸ்டல் இரண்டு ஒரே மாதிரி இருக்காது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்று வையுங்கள். ஐந்து நிமிடத்தில் 6 மில்லிவினாடி விலகும். 0.29 வினாடி முழுக்க விலக 48 சுற்று வேண்டும், அதாவது 4 மணி நேரம். சித்தப்பா பென்சிலால் குறித்து வைத்தது கிரிஸ்டல்களின் விலகலைத்தான். அதைப் புரிந்துகொண்ட அன்று அந்தக் காலண்டர் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சரி, விதை கொடுத்துவிட்டால் முடிந்தது. எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. எதிலும் மாட்டாத ஒரு அனலாக் பின்னை, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும் சிப்பின் காலை, படித்து, வரும் எண்ணை விதையாக்குவது. அந்தரத்தில் நிற்கும் பின் சுற்றுப்புற இரைச்சலைப் பிடிக்கும், எண் ஒவ்வொரு முறையும் மாறும் என்பது நம்பிக்கை. 10 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன பத்து இலக்கங்கள், என்பதால் 1024 எண்கள் வரலாம். மூன்று வாரம் ஏமாந்தவள் என்பதால் இந்த முறை அளந்து பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு பெட்டியை 60 தடவை அணைத்துப் போட்டு, முதலில் படித்த எண்ணை நோட்டில் எழுதினேன். சித்தி இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

1024-இல் வந்தவை ஏழே ஏழு. 19 தடவை வந்தது ஒன்று, அப்புறம் 14, 11, 7, 5, 3, கடைசியாக ஒரே ஒரு தடவை வந்தது ஒன்று. ஒன்று எவ்வளவு ஊகிக்க முடியாதது என்பதைச் சொல்ல கிளாட் ஷானன் 1948-இல் கொடுத்த என்ட்ரோபி அளவை இதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அது வரும் வாய்ப்பை எடுத்து, அந்த வாய்ப்பின் தலைகீழுக்கு 2-இன் அடிமானத்தில் மடக்கை பார்த்து, இரண்டையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டினேன், 2.44 பிட். பத்து பிட் கிடைக்கும் என்று நினைத்த இடத்தில் இரண்டரைக்கும் குறைவு. பார்வைக்கு 341, 339, 342 என்று குதிக்கும் எண்தான். அதற்குள் இருக்கும் தெரியாத்தனம் மூன்று தடவை காசு சுண்டினால் கிடைப்பதைவிடக் குறைவு.

ஐந்து பெட்டிகளுக்கு அது போதுமா? ஏழு எண்களும் சமமாகவே வரும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஐந்து பெட்டியும் வெவ்வேறு எண் எடுக்கும் வாய்ப்பு 7×6×5×4×3 கீழ் 7-இன் ஐந்தாம் அடுக்கு. அதாவது 2520 கீழ் 16807. என்னை முதலில் மாட்டிவிட்ட அதே 16807 இங்கே வகுத்தியில் வந்து நின்றதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 7-இன் ஐந்தாம் அடுக்குதான் 16807, அவ்வளவுதான் ஒற்றுமை. விடை 15 சதவீதம். ஆக 85 சதவீதம், ஏதாவது இரண்டு பெட்டிக்காவது ஒரே விதை விழும். ஒரே விதை என்றால் நாலு முயற்சியிலும் ஒரே காத்திருப்பு. இருபது தடவை சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன், ஐந்தும் வந்தது இரண்டே தடவை.

மாலையில் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கு இவ்வளவு பாடு? வாய்க்கால்ல முறை வைக்கிற மாதிரி ஆளுக்கொரு நேரம் ஒதுக்கிர வேண்டியதுதானே. ஒண்ணாம் நம்பருக்கு முத நிமிசம், ரெண்டுக்கு ரெண்டாவது நிமிசம்."

நல்ல கேள்வி, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டிக்கு ஒரு நம்பர் எழுதி வைத்து, அதையே விதையாகக் கொடுத்தால் முதல் காத்திருப்பு 807, 1614, 2421, 3228, 4035 என்று அழகாக வரிசை பிடிக்கும், முறை வைத்த மாதிரியேதான். ஆனால் முறைத் தண்ணீர் எப்படி நடக்கிறது? மடை திறந்து அடைக்க ஒரு ஆள் இருக்கிறார், நேரம் பார்க்கிறார், புதிதாக ஒரு வயல் சேர்ந்தால் முறையை மாற்றி எழுதுகிறார். என் பெட்டிகளுக்குக் கடிகாரம் இல்லை, பவர் வந்ததிலிருந்துதான் எண்ணும். அண்ணாச்சி மோட்டார் ரூமில் ஃபியூஸ் போய் அரை மணி கழித்துப் போட்டால் அந்தப் பெட்டியின் முறை இன்னொன்றின் மேல் ஏறிவிடும். விதை எப்போதும் மாறாது என்பதால், ஏதாவது ஒரு ஜோடி ஒருநாள் மோதினால் அதே சூழ்நிலையில் என்றும் மோதும். ஒருவரையொருவர் பார்க்காத, பேசிக்கொள்ளவும் முடியாத ஐந்து பேர் மேலாள் இல்லாமல் வழிவிட்டுக்கொள்ள வேண்டும் என்றால் ஆளாளுக்கு வேறான பூ வேண்டும். அண்ணாச்சியிடம் ஃபியூஸ் விஷயத்தைச் சொன்னதும் தலையாட்டினார். போன மாதம் அவருடைய ஃபியூஸ்தான் இரண்டு நாள் போய்க்கிடந்தது.

நல்ல இரைச்சல் என் கையிலேயே இருந்தது. எஸ்எக்ஸ்1276 ரேடியோவில் அகலமான அலைவரிசையின் சிக்னல் பலத்தைக் காட்டும் ஒரு ரெஜிஸ்டர், அதாவது சிப்புக்குள் ஒரு எண்ணை வைத்திருக்கும் இடம், உண்டு. அதன் கடைசி பிட் ரிசீவரின் இரைச்சலோடு துடிக்கும், அதை ரேண்டம் எண்ணுக்கு எடுத்துக்கொள்ளலாம். முதலில் ரேடியோவைச் சும்மா நிற்கும் நிலையில் வைத்துப் படித்தேன், ஒரே எண் அசையாமல் வந்தது. கேட்கும் நிலைக்கு மாற்றிய பிறகே உயிர் வந்தது. இந்த இடத்தில் கவனமாக இருங்கள், அளக்காமல் விட்டிருந்தால் மறுபடி 807 கதைதான்.

1000 பிட் எடுத்து எண்ணினேன். 1 வந்தது 561 தடவை. சாய்ந்திருக்கிறது. சாய்ந்த காசை நேராக்க ஜான் வான் நாய்மன் 1951-இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. காசை இரண்டு இரண்டாகச் சுண்டுங்கள். இரண்டும் ஒன்றானால் தூக்கிப் போடுங்கள். 0, 1 என்று வந்தால் 0. 1, 0 என்று வந்தால் 1. காசு எவ்வளவு சாய்ந்திருந்தாலும் பூ-தலை வருவதற்கும் தலை-பூ வருவதற்கும் வாய்ப்பு ஒன்றுதான், இரண்டிலும் அதே இரண்டு எண்களைத்தான் பெருக்குகிறோம். ஒரு சுண்டலை அடுத்தது பாதிக்காமல் இருந்தால் போதும். அதற்காக ஒவ்வொரு படிப்புக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டேன். 561-க்கு ஒரு நல்ல பிட் கிடைக்கச் சராசரியாக 4 பிட்டுக்குக் கொஞ்சம் மேல் செலவாகும். 32 பிட் விதைக்கு 130 படிப்பு. பெட்டிக்கு அது கண் இமைக்கும் நேரம்.

விதையை ஈப்ராமில், அதாவது கரண்டு போனாலும் அழியாத நினைவகத்தில், இருக்கும் பழைய விதையோடு கலந்து, கலந்ததைத் திரும்ப அங்கேயே எழுதி வைக்கிறேன். ஈப்ராம் ஒரு லட்சம் தடவை எழுதத் தாங்கும். ஒரு நாளைக்குப் பத்து தடவை கரண்டு போனாலும் 27 வருடம்.

ஒன்று மிச்சம். விதை சரியாக இருந்தாலும் 8 வினாடி ஜன்னல், அதாவது ரேண்டம் நேரத்தை எடுக்கும் இடைவெளி, ஐந்து பேருக்குச் சின்னது. ஐந்து செய்திகளும் ஒன்றையொன்று தொடாமல் விழும் வாய்ப்பு, 1-இலிருந்து நாலு செய்தி நேரத்தை ஜன்னலால் வகுத்ததைக் கழித்து, வருவதை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைக்கும். 8 வினாடிக்கு அது 46 சதவீதம்தான். 60 வினாடிக்கு 91 சதவீதம். ஆகவே பவர் வந்ததும் முதல் செய்தியை 0 முதல் 60 வினாடிக்குள் எப்போதாவது அனுப்பச் சொன்னேன். அப்படியும் இரண்டு பெட்டி மோதினால் 8 வினாடி ஜன்னலே போதும், மறுபடி மோத 7 சதவீதம்தான். அதற்கு மேலும் மோதினால் ஜன்னல் இரட்டிப்பாகும். ஐந்து நிமிட இடைவெளியிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் சில வினாடி ரேண்டமாகக் கூட்டிக் குறைத்தேன், யாரும் யாரோடும் ஒட்டிக்கொண்டே போகாமல் இருக்க.

திண்ணையில் சுவிட்சை இருபது தடவை தட்டினேன். இருபதிலும் ஐந்தும் வந்தன. இரண்டு தடவை மட்டும் முதல் செய்தி மோதி, அடுத்த முயற்சியில் சேர்ந்தது.

ஞாயிறு மாலை வரப்பில் நடந்து ஐந்தையும் திரும்ப மாட்டினோம். சித்தப்பா டார்ச் பிடித்தார். நாலாம் நம்பர் மோட்டார் ரூமில் குளவி அதே துளைக்குப் பக்கத்தில் புதுக் கூடு தொடங்கியிருந்தது. ஆன்டெனாவை இரண்டு விரல் தள்ளி வைத்துவிட்டுக் கூட்டை விட்டுவிட்டேன்.

செவ்வாய் இரவு இடி. இரண்டே கால் மணி போலக் கரண்டு திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு உயிர் வந்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதையும் செய்தியில் சேர்த்து அனுப்பும்படி வைத்திருந்தேன். காலையில் பாளையங்கோட்டையில் பல் தேய்க்கும் முன் போனில் பார்த்தேன். மூன்று, 4.1. ஐந்து, 17.6. ஒன்று, 23.0. நாலு, 41.2. இரண்டு, 55.8. ஆறே முக்காலுக்குச் சித்தப்பா போன் செய்தார். பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் கிணற்றில் தண்ணீர் ஒரு அடி ஏறியிருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டார்.